பாஸ் மீனுக்குத் தூண்டில் போடப் புறப்படுகிறவர்களுக்கு

டெக்சாஸுக்குக் குடிவந்து, வீட்டுப் பக்கத்திலேயே ஏரி இருப்பதைப் பார்த்துவிட்டு, "எந்த ராட் வாங்கலாம்?" என்று கேட்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ராட் சமாசாரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்து ஏரியைப் பழகுவது, பிடித்த மீனைப் பழுதில்லாமல் திருப்பி அனுப்புவது, வீட்டில் மனத்தாங்கல் வராமல் இதைப் பல வருடம் தொடர்வது ஆகியவற்றுக்குத்தான் நாள் பிடிக்கும். பணத்தைக் குறைவாகவும் நேரத்தை அதிகமாகவும் செலவழிக்கச் சொல்வதுதான் என் கட்சி.

இங்கே பாஸ் என்றால் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுத்த பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்த வாய். நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடுவதைவிட, மறைந்திருந்து பாய்வதுதான் இதன் குணம். மூழ்கிய மரம், நீர்ப்பாசி, படகுத்துறையின் நிழல், கரையோரப் பாறை என்று ஏதாவது ஒன்றை ஒட்டியே நிற்கும். கீழே வரும் யோசனைகளில் பல இந்தக் குணத்தை நம்பியவை.

கடையில்

*செய்ய வேண்டியவை*

• ஒரே ஒரு செட்டோடு தொடங்குங்கள். ஏழடி நீளம், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்று எழுதியிருக்கும் ஸ்பின்னிங் ராட், 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்டு மோனோ நரம்பு. சின்னக் குளத்திலிருந்து பெரிய ஏரிக்கரை வரைக்கும் இது போதும். இரண்டையும் சேர்த்து விற்கும் காம்போ வாங்கினாலும் குறையில்லை.

• ராடின் பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எத்தனை பவுண்டு நரம்புக்கு ஏற்றது, எத்தனை அவுன்ஸ் இரையை வீசலாம் என்று அதில் இருக்கும். கால் அவுன்ஸிலிருந்து முக்கால் அவுன்ஸ் வரை என்று எழுதிய ராடில் அதைவிட மிக லேசான இரையைக் கட்டினால், எவ்வளவு ஓங்கி வீசினாலும் தூரம் போகாது. தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துத் தோளை நோகவைத்துக்கொள்கிறவர்களைக் கரையில் அடிக்கடி பார்க்கிறேன். பொருத்தம் சரியில்லை, அவ்வளவுதான்.

• நரம்பை வருடம் ஒரு முறையாவது மாற்றுங்கள். மோனோ வெயிலில் இற்றுப்போகும். ரீலிலேயே கிடந்து சுருள் பிடித்துக்கொள்ளும். மோனோ மிக மெதுவாகத்தான் மூழ்கும் என்பதால் நீர்மட்டத்தில் ஓடும் இரைக்கு ஏற்றது. ஃப்ளூரோகார்பன் வேகமாக மூழ்கும், தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அடித்தரையில் இழுக்கும் புழுவுக்கு அதுதான். பின்னல் நரம்பான பிரெய்டு கொஞ்சமும் இழுபடாது. பாசிக்குள்ளிருந்து மீனைப் பெயர்த்தெடுக்க அதற்கு இணை இல்லை. ஆனால் தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும். அதன் நுனியில் ஒரு பாகம் ஃப்ளூரோகார்பன் முடிந்துகொள்ள வேண்டும்.

• ரப்பர் புழு இரண்டு பாக்கெட் வாங்குங்கள்: தெளிந்த நீருக்குக் கரும்பச்சையான கிரீன் பம்ப்கின், கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது. 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி அச்சில் ஊற்றி உருவாக்கிய புழுவின் வாரிசுகள் இவை. பின்னர் அவருடைய தொழிற்சாலை டெக்சாஸின் டைலர் நகருக்கு வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாஸ் மீனுக்கு இதைவிட நம்பகமான இரையை நான் பார்க்கவில்லை.

*செய்யக்கூடாதவை*

• பெயிட்காஸ்டிங் ரீலை முதல் ரீலாக வாங்காதீர்கள். தொலைக்காட்சியில் போட்டியாளர் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும், ஆசை வரும். வீசும்போது அதன் உருளை சுழல்கிறது. காற்றில் இரையின் வேகம் தளர்ந்த பிறகும் உருளை பழைய வேகத்திலேயே சுழன்றால், நரம்பு உள்ளுக்குள் பொங்கிச் சிக்காகிவிடும். இரை தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் கட்டைவிரல் உருளையை அழுத்த வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுப் பின்புறப் புல்தரையில், முள் இல்லாத வெறும் எடையைக் கட்டி வீசி வீசித்தான் வரும். அடர்ந்த கிளைகளுக்குள்ளும் கனத்த நரம்போடும் வேலை செய்ய அந்த ரீல் வேண்டியதே. ஆனால் அவசரம் இல்லை, அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

• படகையும் திரையையும் முதலில் யோசிக்காதீர்கள். மீன் நீந்துவதை அந்தந்தக் கணத்திலேயே திரையில் காட்டும் லைவ்ஸ்கோப்பை கார்மின் நிறுவனம் 2018இல் கொண்டுவந்தது. அது வந்தபின் போட்டி மீன்பிடிப்பின் முகமே மாறிவிட்டது. கரையில் நின்று கற்றுக்கொள்கிறவருக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் திரை வருவதற்கு வெகு முன்பே, டெக்சாஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸை 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் பிடித்தவர் பேரி செயின்ட் கிளேர். அவர் அன்று போயிருந்தது கிராப்பி என்ற சின்ன மீனுக்கு. தூண்டிலில் மாட்டியிருந்தது ஒரு குட்டி மீன்.

• பளபளப்பைப் பார்த்து இரைகளை அள்ளாதீர்கள். கடையில் தொங்கும் வண்ணங்களில் பாதிக்கு மேல் நம் கண்ணைப் பிடிப்பதற்காகத் தீட்டியவை.

முடிச்சும் முள்ளும்

இதில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: முடிச்சைக் காய்ந்தபடி இறுக்காதீர்கள். உராய்வில் சூடேறி நரம்பு அங்கேயே பலம் இழக்கும். எச்சிலால் ஈரமாக்கி, மெல்ல இழுத்து இறுக்குங்கள்.

பலோமர் முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் நுழையுங்கள். அந்த இரட்டை நரம்பில் சாதாரண முடிச்சுப் போட்டு, இறுக்காமல் தளர்வாக விட்டு, மீந்த வளையத்தை முள்ளின் தலைவழியே மாட்டிக் கீழே கொண்டுவந்து இறுக்குங்கள். அந்திவேளையில் கண் தெரியாவிட்டாலும் விரல் தானாகவே போட்டுவிடும்.

அடுத்து டெக்சாஸ் ரிக் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். நரம்பில் முதலில் தோட்டா வடிவ எடை, கூர்முனை ராடைப் பார்த்தபடி. அப்புறம் 3/0 ஆஃப்செட் முள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் நேராகக் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே இழுங்கள். கழுத்து வளைவு தலைக்குள் போய் உட்காரும் வரை இழுத்து, முள்ளைத் திருப்புங்கள். இப்போது புழுவை முள்ளோடு சேர்த்துத் தொங்கவிட்டால் நுனி எந்த இடத்தில் உடம்பைத் தொடுகிறதோ, அங்கே குத்தி நுனியை உள்ளே மறைத்துவிடுங்கள். புழு நேராக, சுருக்கம் விழாமல் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் இழுக்கும்போது சுழன்று நரம்பு முறுக்கேறும், மீனும் நம்பாது. நுனி மறைந்திருப்பதால் மரக்கிளைக்குள்ளும் பாசிக்குள்ளும் தயங்காமல் போடலாம். பாஸ் இருப்பது அங்கேதான்.

கரையில்

*செய்ய வேண்டியவை*

• தண்ணீருக்குப் பத்தடி முன்னாலேயே நின்று முதல் வீச்சை வீசுங்கள். விடியலில் மீன் கரையோர ஆழமற்ற நீரில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். நேராக விளிம்புக்குப் போய் நின்றால் அது ஓடிய பிறகுதான் நீங்கள் வீசுவீர்கள்.

• கரைக்கு இணையாக வீசுங்கள். நடு ஏரியை நோக்கி வீசினால் இரை மீன் இருக்கும் ஆழத்தில் இருப்பது சில நொடிதான். கரையை ஒட்டி வீசினால் இழுத்து முடியும்வரை அங்கேயே இருக்கும்.

• நரம்பைப் பாருங்கள். புழு இறங்கும்போதுதான் பெரும்பாலும் கொத்து விழும். 'டொக்' என்று ஒரு தட்டு கைக்கு வரலாம். எதுவுமே வராமல் நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரலாம். அடித்தரையைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே தொய்ந்து நிற்கலாம். மூன்றும் மீன்தான். தொய்வைச் சுற்றி எடுத்து, ராடை மேல்நோக்கி வீச்சாக இழுங்கள். தாமதித்தால் மீன் முள்ளை விழுங்கிவிடும். சீக்கிரம் இழுப்பது அதன் உயிருக்கும் நல்லது.

• போலரைஸ்டு கண்ணாடி போடுங்கள். நீரின் கண்கூச்சம் போய் உள்ளே கிடப்பது தெரியும். பறந்து வரும் முள்ளிலிருந்தும் கண் தப்பும்.

• ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். லூயிஸ்வில், கிரேப்வைன், லவான், ரே ஹப்பர்ட் என்று டல்லாஸைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை, வாரம் ஒன்றாகச் சுற்ற ஆசை வரும். ஆனால் தெற்குக் காற்றடித்தால் எந்த மூலையில் குட்டி மீன்கள் ஒதுங்கும், மழைக்குப் பின் எந்த ஓடை கலங்கும் என்பதெல்லாம் ஒரே கரையில் நாலு பருவமும் நின்றவருக்குத்தான் தெரியும். சின்ன நோட்டு ஒன்றில் தேதி, நீரின் வெப்பம், காற்று, எந்த இரைக்கு வந்தது என்று குறித்து வையுங்கள்.

*செய்யக்கூடாதவை*

• இடி கேட்டபின் நிற்காதீர்கள். கிராஃபைட் ராட் மின்சாரத்தைக் கடத்தும்; திறந்த வெளியில் அதை உயர்த்திப் பிடித்திருப்பது உயிரோடு விளையாடுவது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை காருக்குள் இருங்கள்.

• பின்னால் பார்க்காமல் வீசாதீர்கள். குழந்தைகள் உடன் இருந்தால் முள்ளின் எதிர்க்கொண்டியைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

• இடத்தைப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள், உட்காராதீர்கள். நெருப்பெறும்புப் புற்றும், கிழக்கு டெக்சாஸில் காட்டன்மவுத் என்ற நச்சுப் பாம்பும் ஏரிக்கரைவாசிகள்.

• இன்னொருவர் வீசும் எல்லைக்குள் போய் நிற்காதீர்கள். "பக்கத்தில் நிற்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், இரையின் நிறத்தையும் சொல்வார்கள்.

• அறுந்த நரம்பை விட்டுவிட்டு வராதீர்கள். நாரையும் ஆமையும் அதில் சிக்கிச் சாகின்றன. கிழிந்த ரப்பர் புழுவையும் தண்ணீரில் எறியாதீர்கள். அது மக்காது, மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கும். சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தால் போதும்.

மீன் கைக்கு வந்ததும்

"சாப்பிடாத மீனை எதுக்குப்பா பிடிக்கிறே?" என்று ஊரிலிருந்து அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. இங்கேயும் ஒரு காலத்தில் பிடித்ததைச் சாப்பிடத்தான் செய்தார்கள். 1932 ஜூன் 2இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் இன்றும் உலக சாதனைப் பட்டியலில் இருக்கிறது. பொருளாதாரம் நொடித்துக் கிடந்த காலம். அந்த மீனை அவர் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது. 1968இல் பாஸ் மீன்பிடிப்பவர் சங்கத்தைத் தொடங்கிய ரே ஸ்காட், 1972இல் தம் போட்டிகளில் மீனை உயிரோடு எடைபோட்டுத் திரும்ப விடும் வழக்கத்தை முன்னெடுத்தார். 1986இல் லேக் ஃபோர்க்கில் மார்க் ஸ்டீவன்சன் பிடித்த 17.67 பவுண்டு பாஸை மாநில வனவிலங்குத் துறை உயிரோடு காப்பாற்றியது. எதெல் என்று பெயர் வைத்தார்கள். அது மிசௌரியில் ஒரு கடைத் தொட்டியில் பல வருடம் வாழ்ந்தது. 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள பெண் மீன்களைக் கடனாகப் பெற்று இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் ஷேர்லங்கர் திட்டம் அந்த மீனோடுதான் தொடங்கியது. பெரிய பாஸ் உருவாகப் பல வருடம் ஆகிறது. அதை விடுவதால்தான் அடுத்தவருக்கும், நம் பிள்ளைகளுக்கும் பிடிக்க மீன் இருக்கிறது. அம்மாவிடம் நான் சொல்வதும் இதைத்தான்.

சாப்பிடுவது குற்றமும் இல்லை. மாநிலப் பொதுவிதிப்படி 14 அங்குலத்துக்குக் குறையாத பாஸ் நாளொன்றுக்கு ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கு ஏரி விதி மாறும்: லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ளதைக் கட்டாயம் விட வேண்டும், அதைவிடப் பெரியது ஒன்றுதான். காடோ ஏரிப் பாஸுக்குப் பாதரச எச்சரிக்கை இருக்கிறது. எந்த ஏரியானாலும் சமைக்கும் முன் அந்த அறிவிப்புகளைப் பாருங்கள். குழம்புக்கு என்றால் கெளுத்தியைப் பிடியுங்கள், ருசியும் அதில்தான் கூடுதல்.

*செய்ய வேண்டியவை*

• தொடும் முன் கையை நனையுங்கள். மீனின் மேலுள்ள வழவழப்புதான் நோய்க்கிருமிகளிடமிருந்து அதைக் காக்கும் கவசம். காய்ந்த கையோ துணியோ பட்டால் அது உரிந்து வந்துவிடும்.

• கட்டைவிரலை வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடியுங்கள். பற்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், கடிக்காது. படுக்கைவாட்டில் தூக்கினால் மறுகை வயிற்றைத் தாங்க வேண்டும். கனத்த மீனைத் தாடையை மட்டும் பிடித்துக் குறுக்கே சாய்த்தால் தாடை மூட்டு பிசகும். அப்புறம் அதால் இரை பிடிக்க முடியாது.

• படம் எடுக்க வேண்டுமானால் மீன் நீரில் இருக்கும்போதே போனைத் தயார் செய்யுங்கள். நீங்கள் மூச்சை அடக்க முடிகிற நேரம்தான் அதற்கும் கணக்கு. பிறகு தண்ணீரில் நிமிர்த்திப் பிடியுங்கள், தானாக உதறிக்கொண்டு போகட்டும்.

• ஜூலை, ஆகஸ்டில் இன்னும் வேகமாக. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு. நீண்ட நேரம் இழுத்துக் களைக்கவைத்த மீன் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பிழைப்பது உறுதியில்லை. கோடையில் விடியலில் போய் வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுவது இருவருக்கும் நல்லது.

*செய்யக்கூடாதவை*

• சுடும் மண்ணிலும் கான்கிரீட்டிலும் கிடத்தாதீர்கள்.

• தொண்டைக்குள் ஆழமாக இறங்கிய முள்ளைப் பிடுங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிந்தால் நீண்ட மூக்குக் குறடால் வந்த வழியே திருப்பி எடுக்கலாம். எட்டாவிட்டால் முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிட்டு உடனே விடுங்கள்.

• வசந்தத்தில் முட்டைக்குழியைக் காக்கும் மீனைத் தொந்தரவு செய்யாதீர்கள். நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் வாலால் மண்ணைத் தள்ளி வட்டக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகும் அங்கேயே காவல் நிற்கும். அந்த ஆணைத் தூக்கினால் சுற்றிக் காத்திருக்கும் புளூகில் மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனாலும் குழிமேல் நிற்கும் மீனைப் பார்த்தால் நான் வேறு பக்கம் வீசுவேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

• ஒரு நீரில் பிடித்ததை இன்னொரு நீரில் விடாதீர்கள். மீனைத் திரும்ப விடுவது அதன் சொந்த ஏரிக்கு மட்டும் பொருந்தும் நல்ல செயல். 2009இல் மனாபு குரிதா பெரியின் சாதனையைச் சமன் செய்த ஜப்பானின் பிவா ஏரியில், பாஸ் வெளியிலிருந்து வந்து உள்ளூர் மீன்களை அழிக்கும் இனம். அங்கே பிடித்த பாஸைத் திரும்ப விடுவதே தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் ஊர் ஏரிக்குப் பாஸைக் கொண்டுபோனால் என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

உரிமம், படகு

மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவருக்கு உள்ளூர்க் கட்டணம். வழக்கமான வருட உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31இல் முடியும். ஜூலையில் வாங்குகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். மாநிலப் பூங்காக்களுக்குள் கரையில் நின்று பிடிக்க உரிமமே வேண்டாம். குடியிருப்புச் சங்கத்துக் குளத்தில் கேட்காமல் இறங்காதீர்கள்.

கயாக் வாங்கினால் ஏரியை விட்டு ஏறும்போதே தண்ணீரை வடித்து, கழுவிக் காயவையுங்கள். 2009இல் டெக்சோமா ஏரியில் தென்பட்ட ஜீப்ரா மசல் என்ற சிப்பி, பெரும்பாலும் ஈரப் படகுகளில் தொற்றி ஏரிக்கு ஏரி பரவுகிறது. வடிப்பது 2014 முதல் மாநிலம் முழுக்கச் சட்டம். துடுப்புப் படகுக்கும் பொருந்தும். உயிர்க்கவசத்தை இருக்கைக்கு அடியில் செருகி வைக்காதீர்கள், மாட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில்

*செய்ய வேண்டியவை*

• திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். கடைசி அரைமணியில் கொத்த ஆரம்பித்தாலும்கூட. சனிக்கிழமை விடியலில் போய்ப் பத்து மணிக்குள் வந்து பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துப் போகிறவருக்கு அடுத்த சனிக்கிழமை யாரும் தடை சொல்வதில்லை.

• ஒரு ராடைக் காரிலேயே வையுங்கள். அலுவலகத்துப் பக்கத்துப் பூங்காக் குளத்தில் மதியம் இருபது நிமிடம் கிடைத்தாலும் போதும். வீசும் பழக்கம் விட்டுப்போகாது.

*செய்யக்கூடாதவை*

• வெவ்வேறு வகை ரப்பர் புழுக்களை ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். சில வகை ஒன்றோடொன்று உருகி ஒட்டும், டப்பாவையும் கரைக்கும். வந்த பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பூண்டும் சோம்பும் மணக்கும் அந்தப் பாக்கெட்டுகளை வீட்டுக்குள் கொண்டுவராமல் கராஜில் வைத்தால் நல்லது.

• குழந்தையை முதல் நாளே பாஸுக்கு அழைத்துப் போகாதீர்கள். வீசி வீசிக் காத்திருக்கும் பொறுமை அந்த வயதுக்குக் கிடையாது. சின்ன முள், ஒரு துண்டு மண்புழு, ஒரு தக்கை, காலடியில் புளூகில். தக்கை முங்கியதும் துள்ளிக் குதிக்கும் பிள்ளை, அடுத்த வாரம் தானே கேட்கும். பதினேழு வயதுக்குக் கீழ் உரிமமும் வேண்டாம். பெரியவர்களுக்கு ஜூன் முதல் சனிக்கிழமை இலவச மீன்பிடி நாள். தூண்டிலைத் தொட்டே பார்க்காத நண்பரை அன்றைக்கு அழைத்துக்கொண்டு போங்கள், உங்கள் ராடை அவர் கையில் கொடுங்கள்.